எந்த மிஷின் வாங்கலாம்? நாஞ்சில் நாட்டு வீடுகளும் தையல் இயந்திரமும்

தையல் மிஷின் வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் வருகிற முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி பாக்குதிய?" என்பதுதான். வாங்க வந்தவர்களும் அதற்குத் தயாராகவே வந்திருப்பார்கள். மைனி வீட்டில் உஷா, எதிர் வீட்டில் மெரிட், சர்ச் தையல் வகுப்பில் சிங்கர், துபாயிலிருந்து வந்த சித்தி மகள் பிரதர்தான் நல்லதென்றாள். விசாரணை முழுக்கக் கம்பெனிப் பெயரைச் சுற்றியே நடந்திருக்கும். என் கருத்தில் கம்பெனி கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். வீட்டில் என்ன துணி தைக்கப் போகிறோம், வாரத்தில் எவ்வளவு நேரம் அதன் முன் உட்காருவோம், நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கம்பெனி தானாகவே இரண்டு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பதில் தெரியாமல் வாங்கிய மிஷின்தான் ஆறு மாதத்தில் மடித்த துணி வைக்கும் மேசையாகிறது.

குமரி மாவட்டத்து வீடுகளில் தைப்பது பெரும்பாலும் என்ன? ஜாக்கெட், நைட்டி, உள்பாவாடை, பிள்ளைகளின் யூனிபாரத்தில் கரை இறக்குவது, வாங்கிய சுடிதாரைப் பிடிப்பது, தலையணை உறை, திரைச்சீலை. லைனிங் வைத்த ஜாக்கெட்டின் தையற்கூலி பல சமயம் துணி விலையைத் தாண்டிவிடுவதால்தான் இன்றைக்குப் பலர் மிஷின் வாங்கவே நினைக்கிறார்கள். மற்றதெல்லாம் பிறகு சேர்ந்துகொள்வது. ஆகவே பேச்சை ஜாக்கெட்டிலிருந்து தொடங்குவதே முறை. இந்த மாவட்டத்தில் அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது.

தைத்த மேலாடைக்காகத் தெருவில் அடிபட்ட ஊர் இது. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாதென்ற தடை இருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாமென்று உத்தரவு வந்தது. குப்பாயம் என்பது தொளதொளவென்ற ஒரு சட்டை. 1822-இல் கல்குளம் பகுதியில் அந்தப் பெண்கள் தாக்கப்பட்டார்கள், சட்டைகள் கிழிக்கப்பட்டன. 1829-இல் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, உயர்சாதியார் போல் தோளில் சீலை போடுவதைத் தடுத்தது. மறுபடியும் கலகம் மூண்டு 1858, 1859-இல் உச்சத்துக்குப் போனபின், 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா சட்டைக்கும் மேல்துணிக்கும் அனுமதி கொடுத்துப் பிரகடனம் வெளியிட்டார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணி கூடாதென்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இதில், கிழிக்கப்பட்ட ஒவ்வொரு குப்பாயமும் கையால் தைத்தது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியது 1846-இல், ஐசக் மெரிட் சிங்கர் வாங்கியது 1851-இல். அந்த இயந்திரம் இங்கே வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

ஊசி வேலையைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் இங்கே அந்தக் காலத்தில்தான் வந்தது. லண்டன் மிஷன் சார்பில் 1819-இல் நாகர்கோவில் வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் லேஸ் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசு பள்ளியையும் நடத்தியது, பெண்களின் கையிலும் கொஞ்சம் சேர்ந்தது. மேற்கே முளகுமூட்டில் 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரி லூயிஸ் தே மீஸ்டரும் அவரது சபைச் சகோதரிகளும் அனாதை இல்லத்துப் பெண்களுக்கு லேஸும் எம்பிராய்டரியும் பழக்கினார்கள். இந்த மாவட்டத்தில் கை எம்பிராய்டரிக்குப் பெயரெடுத்த கான்வென்ட்டுகள் இன்றும் உண்டு. இதையெல்லாம் சொல்லக் காரணம், நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு ஊசிப் பழக்கம் அம்மா, அம்மாச்சி வழியாக ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான். ஐம்பது வகை பூத்தையல் போடும் என்று விளம்பரம் செய்யும் மிஷினைக் காட்டி இவர்களை மயக்கப் பார்ப்பது வீண். மிஷின் போடும் பூவை விடக் கையால் போட்ட பூ நன்றாக இருக்குமென்று அவர்களுக்கே தெரியும். கல்யாண ஜாக்கெட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆரி வேலையும் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கையால் செய்வதே.

இந்தியாவில் சிங்கர் மிஷின்கள் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். பம்பாயில் இருந்த பட்டேல் என்ற பார்சிக்காரர் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்குமாகக் கம்பெனியின் வியாபாரத்தை நடத்தினார். இலங்கையில் 1877 முதலே சிங்கருக்குக் கடை உண்டு. தவணைக்கு விற்பது 1856-இலேயே சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் கண்டுபிடித்த உத்தி. இன்று மார்த்தாண்டத்தில் மாதாமாதம் பணம் கட்டி மிஷின் எடுப்பவரும் அந்த உத்திக்குள்தான் இருக்கிறார்.

இயந்திரங்களை எதிர்த்த காந்தியே இந்த ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தார். 1924-இல் அவரிடம் அதைக் கேள்வி கேட்டு வாங்கியவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்: களியக்காவிளையைத் தாண்டினால் வரும் நெய்யாற்றின்கரையின் ஜி. ராமச்சந்திரன், அப்போது சாந்திநிகேதன் மாணவர், பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கியவர். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப்போவதைக் கண்டு இரக்கப்பட்டுச் சிங்கர் இதை உண்டாக்கினார் என்று காந்தி நம்பினார். ராமச்சந்திரன் விடவில்லை. மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டுமே என்று மடக்கினார். அப்படிப்பட்ட ஆலைகள் அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. உண்மையில் சிங்கர் ஒரு நாடகக்காரர். பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் பிள்ளைகள். மனைவி மேல் இரக்கப்பட்டுத்தான் மிஷின் செய்தார் என்று அவரைத் தெரிந்தவர் யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த பத்தாண்டில் கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் வொர்க்ஸ் தையல் இயந்திரம் செய்யத் தொடங்கியது. பிறகு லாலா ஸ்ரீராம் அதைக் கைக்கொண்டார், அந்த மிஷின்தான் உஷா. ஆலை அரசின் கையில் இருக்கவில்லை, ஆனால் மிஷின் உள்நாட்டிலேயே கிடைத்தது. பின்னர் லூதியானா நகரமே தையல் மிஷினுக்கும் உதிரிபாகத்துக்கும் பேர்போனதாயிற்று.

இந்த வரலாற்றில் வாங்குபவருக்கு வேண்டிய ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நாம் கருப்பு மிஷின் என்று சொல்லும் வார்ப்பிரும்புத் தலை எந்தக் கம்பெனியின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அதன் அடிப்படை அமைப்பு சிங்கர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்த 15-ஆம் வகுப்பு மாடலிலிருந்து வந்தது. காப்புரிமை முடிந்து எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அதனால் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், ஃபுட், பல், ஊசி எல்லாம் கம்பெனி மாறினாலும் பொருந்தும். கோட்டாரிலோ தக்கலையிலோ தையல் சாமான் விற்கும் சின்னக் கடையில் ஒரு பாபின் கேஸைக் கேட்டால், "எந்த மிஷினுக்கு?" என்றுகூடக் கேட்காமல் எடுத்து நீட்டுவார்கள். மெரிட் என்பதும் சிங்கரின் நடுப்பெயர்தான், அதே வீட்டுப் பிள்ளை. ஆக, கருப்பு மிஷினைப் பொறுத்தவரை கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வார்ப்பின் தரத்திலும் ஷாஃப்ட் எவ்வளவு துல்லியமாகக் கடைந்திருக்கிறது என்பதிலும்தான். பெயர் தெரியாத மலிவு மிஷினில் அந்தத் துல்லியம் இருக்காது. தெரிந்த பெயர்களுக்குள் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை.

கருப்பு மிஷினுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. அது நேர்த்தையல் மட்டுமே போடும். லெக்கின்ஸ், டீ-சர்ட் போன்ற இழுபடும் துணியில் நேர்த்தையல் போட்டால், உடுத்தி இழுக்கும்போது நூல் பட்டென்று அறும். ஜிக்ஜாக் இருந்தால் தையலும் துணியோடு சேர்ந்து நெளிந்துகொடுக்கும். சேலைக்குப் பிகோ அடிக்க, சட்டைக்குக் காஜா எடுக்க, லேஸை விளிம்பில் பிடிக்க, நைந்த துணியை ஒட்டுப்போட ஜிக்ஜாக் வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் இதெல்லாம் எத்தனை முறை வரும்? காஜாவும் பிகோவும் ஓவர்லாக்கும் எடுத்துக்கொடுக்கும் கடை நாகர்கோவிலில் மட்டுமல்ல, பூதப்பாண்டி, கருங்கல் அளவுள்ள ஊர்களிலும் இருக்கிறது. வருஷத்துக்குப் பத்துச் சேலைக்குப் பிகோ அடிக்க வேண்டுமென்பதற்காக விலையைக் கூட்டி வாங்குவது கணக்கில் நிற்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, பனியன் துணியில் உடுப்பு தைத்துப் பார்க்கும் ஆர்வமும் இருந்தால் கணக்கு மாறும். அப்போது ஜிக்ஜாக்கே சரி.

அங்கே வருவதுதான் வெள்ளை மிஷின்: மேசைமேல் வைத்துப் பிளக் குத்தி ஓட்டுவது. உஷா ஜானோம், சிங்கர், பிரதர் மூன்றும் இங்கே கிடைக்கின்றன. எடை ஆறேழு கிலோ, ஓட்டி முடித்து அலமாரியில் வைத்துவிடலாம். கிராமத்துப் பெரிய வீட்டைவிட வடசேரிப் பக்கம் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு இது எவ்வளவோ வசதி. ஊசியில் நூல் கோக்கவே ஒரு கொக்கி இருக்கும், கண் மங்கியவர்களுக்கு அது ஒன்றே போதும் வாங்க. இதில் 7 தையல், 13 தையல், 21 தையல் என்று எண்ணைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். நேர்த்தையல், ஜிக்ஜாக், மூன்று குத்து ஜிக்ஜாக், காஜா, கண்ணுக்குத் தெரியாத ஹெம்மிங் இவ்வளவும் இருந்தால் போதும். மிச்சமெல்லாம் வாங்கிய வாரத்தில் ஒரு கைக்குட்டையில் போட்டுப் பார்த்து விட்டுவிடுவதற்கு. அந்தப் பணத்துக்குத் தைக்கும் வேகத்தை அளவாக்கும் பட்டனும், ஃபுட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தும் வசதியும் உள்ள மாடல் கிடைத்தால் அது உபயோகம்.

வெள்ளை மிஷினின் உள்ளே பல்சக்கரங்களில் சில பிளாஸ்டிக்கில் இருக்கும். சத்தம் குறையும், எடை குறையும். ஆனால் ஜீன்ஸ் பேண்ட்டின் இடுப்புப் பட்டையை மடித்து எட்டு மடிப்பை உள்ளே தள்ளி, நகராதபோது பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சக்கரத்தின் பல் ஒன்று போய்விடும். போனால் அந்த மாடலுக்கான சக்கரம்தான் வேண்டும். கோட்டார்க் கடையில் நீட்டமாட்டார்கள். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போக வேண்டும், சாமான் வெளியூரிலிருந்து வரக் காத்திருக்க வேண்டும். ஆகவே வெள்ளை மிஷின் வாங்குகிறவர் கடையில் கேட்க வேண்டியது வாரண்டி எத்தனை வருஷம் என்பதைவிட, மெக்கானிக் நாகர்கோவிலிலேயே இருக்கிறாரா, வீட்டுக்கு வருவாரா என்பதுதான். மேற்கே குழித்துறை, களியக்காவிளைக்காரர்கள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஐநூறு ரூபாய் குறைகிறதென்று அங்கே போய் வாங்குவதுண்டு. டெமோ காட்ட ஆள் வரவேண்டுமென்றால் அப்போது மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் நினைவுக்கு வரும். "இது ஜப்பான் மாடலாக்கும் அக்கா, ஒண்ணும் ஆவாது" என்ற உறுதிமொழிக்கு ரசீதில் இடமில்லை.

கருப்பு மிஷினைப் பார்க்கும் மெக்கானிக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைக்கில் ஒரு பெட்டியோடு வீடு வீடாக வந்து, தலையைச் சாய்த்து, அடியில் இரண்டு திருகாணியை முறுக்கி, பல்லின் உயரத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்துச் சரிசெய்து, வாசலிலேயே ஓட்டிக் காட்டிவிட்டுப் போகும் ஆட்கள் இன்னமும் உண்டு. ஆனால் அவர்கள் வயதானவர்களாக இருக்கிறார்கள், மகன்கள் அந்தப் பெட்டியைத் தூக்குவதில்லை. இன்னும் பத்து வருஷத்தில் நிலைமை எப்படியிருக்குமென்று தெரியாததால், பாபின் கேஸைக் கழற்றித் துடைப்பது, ஊசி மாற்றுவது, டென்ஷன் பிடிப்பது, பெல்ட்டை வெட்டிக் கொக்கி மாட்டுவது இந்த நாலையும் வாங்கும் அன்றே கடையில் நின்று கற்றுக்கொண்டு வந்துவிட வேண்டும். வீட்டுக்கு அழைக்கும் பழுதுகளில் பெரும்பாதி இந்த நாலில் அடங்கும்.

மூன்றாவது வகை, பவர் மிஷின். ஜூக்கி, ஜாக் பெயர்களில் வரும் இவை ஆடை ஆலைகளுக்கானவை. நிமிஷத்துக்கு 5,000 தையல் வரை ஓடும். வீட்டு வெள்ளை மிஷின் ஓடுவது 500-க்கும் 850-க்கும் நடுவே. பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர்கள், நாளுக்கு நாலைந்து மணிநேரம் உட்காருகிறவர்கள் இதை வாங்குவது நியாயம். வீட்டுத் தேவைக்கு மட்டும் வேண்டாம். நாலடி மேசை ஒரு அறையையே அடைக்கும், கையோடு பழகியவர்களுக்கு அந்த வேகம் பயமுறுத்தும், ஊசியும் பாபினும் வேறு அளவு. எடுத்தே தீருவதென்றால் சர்வோ மோட்டார் போட்டதாக எடுக்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் இரண்டரை மணிநேரத்துக்கு ஒரு யூனிட்டை விழுங்கும். சர்வோவில் கால் எடுத்தால் மோட்டாரும் நிற்கும். வெள்ளை மிஷின் 70, 80 வாட்டில் ஓடுவதால் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் ஒரு யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டில் அது கணக்கிலேயே வராது.

கரண்ட் பற்றிப் பேசும்போது கால் பற்றியும் பேச வேண்டும். மிதி மிஷினை வேண்டாமென்று தள்ளுகிறவர்கள் சொல்லும் காரணம் முட்டுவலி. நியாயமான காரணம்தான். ஆனால் அதற்குத் தீர்வு புது மிஷின் அல்ல, கருப்பு மிஷினின் பின்புறத்தில் திருகி மாட்டும் சிறிய மோட்டார். சுமார் 100 வாட், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குச் சற்று முன்பின். செம்பு வைண்டிங் என்று உறுதியாகத் தெரிந்து வாங்க வேண்டும். அலுமினியக் கம்பி போட்டது சீக்கிரம் சூடேறும். மோட்டார் மாட்டிய பிறகும் மிதிபலகையைக் கழற்றிப் போடாமல் வைத்திருப்பது இந்த மாவட்டத்தில் புத்திசாலித்தனம். வடகிழக்கு, தென்மேற்கு இரண்டு மழையும் நமக்குண்டு, இரண்டிலும் மரம் விழும், கம்பி அறும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபின் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது பெல்ட்டை எடுத்துப் பெரிய சக்கரத்தில் போட்டுக்கொண்டு தைத்த வீடுகளில், கிழிந்த தார்ப்பாய் ஓரங்களும் தைக்கப்பட்டன.

உப்புக்காற்றுக்கு வருவோம். முட்டம், குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடல் தெரியும் ஊர்களில் ஊசிக் கம்பியில் மூன்று மாதத்தில் செம்புள்ளி படரும். உள்ளே தோவாளை, திருவட்டாறு பக்கம் அவ்வளவில்லை, ஈரம் மட்டும் உண்டு. கடற்கரை வீட்டில் குரோமியப் பூச்சு சுமாராக உள்ள மலிவுத் தலை வாங்கவே கூடாது. வாரம் ஒருமுறையாவது எண்ணெய் விட்டு, பழைய துணியில் இரண்டு தையல் ஓட்டி எச்சத்தைக் கக்கவைக்க வேண்டும். மூடி வைக்கப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பழைய பருத்திச் சேலைத் துணி போதும். தேங்காயெண்ணெய் விடுவது நம்மூரில் ஒரு தொத்துவியாதி. கைக்கெட்டுவது அதுதானே! அது மார்கழியில் உறையும், மற்ற மாதங்களில் பிசினாகிப் பிடிக்கும். மெக்கானிக் திறந்து பார்த்தால் ஷட்டில் கிண்ணத்தில் நூல்பஞ்சும் எண்ணெயும் கலந்து மஞ்சள் களிம்பாக ஒட்டியிருக்கும். மிஷின் எண்ணெய்ப் போத்தல் சில பத்து ரூபாய்தான்.

ஸ்டாண்டின் மேற்பலகையும் கவனிக்கத் தக்கது. இப்போது கொடுப்பது பெரும்பாலும் மரத்தூள் அழுத்திய பலகை, மேலே மைக்கா. ஒரு மழைக்காலம் ஜன்னலோரம் கிடந்தால் ஓரம் உப்பி, தலை உட்காரும் பள்ளம் சாய்ந்துவிடும். தலை சாய்ந்தால் பெல்ட் ஒருபக்கமாக இழுக்கும், மிதி கனக்கும். கடைக்காரரிடம் பலகை வேண்டாமென்று விலை குறைத்து வாங்கிவிட்டு, ஊர் ஆசாரியிடம் அயினியில் ஒன்று போட்டுக்கொள்வது இங்கே நடக்கும் காரியம். நாலைந்து மடங்கு காலம் நிற்கும்.

கடையில் சோதித்துப் பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது. கடைக்காரர் விறைப்பான வெள்ளைத் துணியைக் கொடுப்பார், அதில் எந்த மிஷினும் நன்றாகத் தைக்கும். நாமே துண்டுத்துணி கொண்டுபோக வேண்டும்: வழவழப்பான ஜார்ஜெட், பழைய பள்ளிப் பேண்ட்டின் இடுப்பு, லைனிங்கோடு நாலு மடிப்பு ஜாக்கெட் துணி. மேல் நூல் சிவப்பும் பாபினில் வெள்ளையும் போட்டு ஓட்டினால் டென்ஷன் பட்டவர்த்தனமாகத் தெரியும். துணியின் மேற்புறத்தில் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம், அடியில் சிவப்பு தெரிந்தால் தளர்வு. டென்ஷன் திருகியை லேசாகத் திருப்பியதும் சரியானால் மிஷின் நல்லது, திருப்பித் திருப்பியும் சரியாகாவிட்டால் வேறொன்றைக் கேளுங்கள். பிறகு நூலைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு வரி ஓட்டிப் பாருங்கள். ஊசி மழுங்குமென்று கடைக்காரர் முணுமுணுத்தால் ஊசிக்கான காசைக் கொடுத்துவிடலாம். ஓட்டைகள் ஒரே இடைவெளியில், கோட்டைவிட்டு விலகாமல் விழ வேண்டும். ரிவர்ஸ் போட்டால் அதே ஓட்டையிலேயே திரும்பி விழ வேண்டும். கடைசியாக, கையால் சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் கனத்துப் பிடித்தால் உள்ளே ஏதோ உரசுகிறது. "ஓட ஓடச் சரியாயிரும்" என்பார்கள். ஆகாது.

விலைக்கு வந்தால், ஸ்டாண்டோடு கருப்பு மிஷின் ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரத்துக்குள்ளும், ஜிக்ஜாக் போடும் வெள்ளை மிஷின் ஒன்பதாயிரத்திலிருந்து பதினாறாயிரத்துக்குள்ளும், பவர் மிஷின் இருபதாயிரத்துக்கு மேலும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடைக்குக் கடை மாறும். தையல் மிஷினுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைச்சீட்டைக் காட்டிப் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அரசு தரும் மிஷின் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் மாவட்ட சமூகநல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். தையல் தெரிந்ததற்குச் சான்று கேட்பார்கள். மத்திய அரசின் 2023 விஸ்வகர்மா திட்டம் தையல்காரர்களுக்கு 15,000 ரூபாய் கருவிச் சீட்டு தருவது. தமிழக அரசு அதை ஏற்காமல் 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியாகக் கொண்டுவந்தது. இரண்டும் தொழில் செய்பவர்களுக்கானவை. "எல்லாப் பெண்களுக்கும் பிரதமரின் இலவசத் தையல் மிஷின், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய் என்று மத்திய அரசின் செய்திப் பிரிவே அறிவித்திருக்கிறது. ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

புதிது வேண்டுமென்று கிளம்பியவர்கள் பழையதையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. சீதனமாக வந்து, கொண்டுவந்தவர் காலமானபின் மருமகள் தொடாமல் கிடக்கும் தலைகள் பல வீட்டு மச்சில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் 1980-இல் மூடப்பட்ட சிங்கர் ஆலையின் இரும்பு, இன்று புதிதாக வரும் பல தலைகளைவிடக் கெட்டி. அடிப்பலகையில் பொறித்த எண்ணுக்கு முன்னுள்ள எழுத்தை வைத்துச் செய்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் ஊசியும் உடனே அசைய வேண்டும், நடுவே வெற்றுச் சுழற்சி இருக்கக்கூடாது. இரும்பில் விரிசல் ஒட்டவைத்த தடம் இருக்கிறதா என்று அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பூ அழிந்திருப்பதும் பெயின்ட் உதிர்ந்திருப்பதும் பொருட்டல்ல. தலை நன்றாக இருந்து ஸ்டாண்டு துருப்பிடித்திருந்தால் பேரம் பேசலாம். ஸ்டாண்டு நன்றாக இருந்து தலை தளர்ந்திருந்தால், ஸ்டாண்டுக்கு மட்டும் ஒரு விலை சொல்லிவிட்டு வர வேண்டியதுதான்.